பேரம் எப்போது ஒப்பந்தமாகிறது?

வணிகவியல் மாணவர்கள் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கும்போது, பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதற்கு முன், கொடுக்கப்பட்ட பேரத்தில் முன்மொழிந்தவர் யார், ஏற்றவர் யார் என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்ப்பது மிகுந்த பயன் தரும்.

ஆம்பூர் தோல் வியாபாரி ஒருவர், பதனிட்ட ஆட்டுத்தோலைச் சதுர அடி 80 ரூபாய்க்குத் தருவதாக ஒரு காலணித் தொழிற்சாலைக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "75 ரூபாய் என்றால் எடுத்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் அது ஏற்பு ஆகாது; அது பழைய முன்மொழிவை முடித்துவிடும் எதிர் முன்மொழிவு. ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்பது 7ஆம் பிரிவு. வியாபாரி மறுத்த பிறகு, "சரி, 80க்கே அனுப்புங்கள்" என்று தொழிற்சாலை எழுதினாலும், பழைய முன்மொழிவு அதற்குள் முடிந்துவிட்டதால் அவர் கட்டுப்பட்டவர் அல்லர். 1840இல் இங்கிலாந்தில் நடந்த ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கில், 1,000 பவுண்டு விலை சொல்லப்பட்ட பண்ணையை 950க்குக் கேட்டவருக்கும் இதுவே நேர்ந்தது.

மறுபயன் (ஒருவரின் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் தருவது) உண்டா, இரு தரப்பினருக்கும் 18 வயது நிறைந்துள்ளதா என்பவற்றைப் பெரும்பாலும் எளிதில் கண்டுகொள்ளலாம். மாணவர்கள் தடுமாறுவது பதில் கடிதத்தைப் படிப்பதில்தான் என்பது என் கருத்து. "பணத்தை இரண்டு தவணையாகத் தரலாமா?" என்று கேட்பது வெறும் விசாரிப்பாக இருக்கலாம், "இரண்டு தவணையில்தான் தருவோம்" என்பதோ எதிர் முன்மொழிவு. ஆகவே, ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிரே முன்மொழிவு, விசாரிப்பு, ஏற்பு என்று பென்சிலால் குறித்துவிட்டுப் பிறகு விடையைத் தொடங்குங்கள்.