படிக்காத ஆய்வுப் பேப்பரைச் சுருக்கி எழுதாதீர்கள்

முதுகலை இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட் வரைவுகளை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். முந்தைய ஆய்வுகளைத் தொகுக்கும் இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்தால், எம்.ஃபில் படித்தபோது நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வருகின்றன. எழுத்துப்பிழை, மேற்கோள் வடிவம் எல்லாம் கைடு ஒரு வட்டம் போட்டாலே சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

பியர் ரிவ்யூ ஆகிவிட்டது, அதனால் உண்மை

"பியர் ரிவ்யூ ஆன ஜர்னல்தான் மேடம்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வியே இல்லை என்று நினைக்கிறார்கள். அங்கே நடப்பது இதுதான்: இதழின் ஆசிரியர் கட்டுரையை அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார், அவர்கள் முறை பொருந்துகிறதா, கிடைத்த தரவுக்கு மீறி எதையாவது சொல்லியிருக்கிறார்களா என்று பார்த்துக் குறிப்பு எழுதித் தருகிறார்கள். சோதனையை யாரும் திரும்பச் செய்து பார்ப்பதில்லை, மூலத் தரவு பெரும்பாலும் அவர்கள் கைக்கு வருவதும் இல்லை. 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 கொரோனா நோயாளிகள் என்று கணக்குச் சொன்னது. தரவைக் கொடுத்த நிறுவனம் அதைச் சரிபார்க்கத் தர மறுக்க, ஜூன் 4-ஆம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதுவும் பியர் ரிவ்யூ தாண்டி வந்ததுதான். எந்தப் பேப்பரையும் சேர்ப்பதற்கு முன்னால், அது திரும்பப் பெறப்பட்டதா என்று ஜர்னலின் சொந்தத் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம், நல்ல ஜர்னலில் அச்சானதெல்லாம் இந்த மதிப்பாய்வுக்குப் போய் வந்ததல்ல. தலையங்கம், கடிதம், நூல் மதிப்புரை எல்லாம் வேறு வகை.

காசு வாங்கும் 'சர்வதேச' ஜர்னல்

பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள்.

படிக்காத பேப்பரைச் சுருக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பற்றித்தான் என் எம்.ஃபில் ஆய்வு. ஒரு பேப்பர் முழுதாகக் கிடைக்கவில்லை. பழைய ஆய்வேடு ஒன்றில் அதைப் பற்றி மூன்று வரி இருந்தது. "குழுவில் சேர்ந்த பெண்களின் வருமானம் உயர்ந்தது" என்று அதிலிருந்தே எடுத்து, நானே படித்தது போல எழுதிவிட்டேன். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பேப்பரை நன்றாக அறிந்தவர். "எத்தனை பெண்களிடம் எடுத்தார்கள், எந்த ஊரில்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பேப்பர் சொன்னது சேமிப்பு உயர்ந்தது என்று. வருமானத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை என்று அதிலேயே எழுதியிருந்தார்களாம். அத்தியாயத்தை முழுவதும் திருப்பி எழுதச் சொன்னார்கள், பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது, அந்த வருடம் வந்த விரிவுரையாளர் வேலைக்கு என்னால் விண்ணப்பிக்க முடியவில்லை.

எனக்குப் போனது ஒரு வருடம். இதே தவறு உயிர்களோடு விளையாடியும் இருக்கிறது. 1980-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஐந்தே வாக்கியம் கொண்ட ஒரு கடிதத்தை வெளியிட்டது. மருத்துவமனையில் இருந்தபோது ஓபியாய்டு வகை வலிமருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர் மட்டுமே அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது கடிதம். மாதக்கணக்கில் வீட்டில் இருந்து மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2017-இல் அதே இதழில் சிலர் கணக்கெடுத்தார்கள்: கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளில் 80.8 சதவீதம், அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. அடிமையாவது அரிது என்பதற்கு ஆதாரமாக 72.2 சதவீதம் அதைக் காட்டியிருந்தன. இந்த வலிமருந்துகளுக்கு அடிமையாகிப் பலர் இறந்த வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள்களும் ஒரு காரணம் என்று கணக்கெடுத்தவர்கள் எழுதினார்கள். ஒரு பக்கம்கூட வராத கடிதம் அது, எடுத்துப் படிக்க இரண்டு நிமிடம் போதும்.

பேப்பரின் தொடக்கத்தில் வரும் சுருக்கமான அப்ஸ்ட்ராக்டை மட்டும் படித்து எழுதுவதும் ஏறக்குறைய இதேதான், ஏனென்றால் யாரிடம், எத்தனை பேரிடம், எங்கே, எவ்வளவு காலம் என்ற விவரமும், ஆய்வாளரே ஒப்புக்கொள்ளும் குறைகளும் உள்ளேதான் இருக்கும். முறை, அட்டவணை, குறைபாடுகள் என்ற மூன்று பகுதியையாவது படியுங்கள். படித்ததும் பேப்பரை மூடி வைத்துவிட்டு உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், பிறகு திறந்து எண்களை ஒப்பிடுங்கள். மூடி வைத்தால் எழுத வரவில்லையா, புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். முழுப் பேப்பர் கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் இந்த நூலில் எடுத்துக்காட்டியபடி என்று உள்ளதை உள்ளபடி எழுதிவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

பத்து சதவீதக் கணக்கு

யுஜிசியின் 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு மென்பொருள் காட்டும் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அந்த எண்ணுக்காகச் சொல்லைச் சொல்லாக மாற்றுகிறார்கள். போன வாரம் ஒரு வரைவில் "தொடர்பு காணப்பட்டது" என்பது "காரணமாக அமைந்தது" என்று மாறியிருந்தது. மென்பொருள் அதைப் பிடிக்காது, ஆனால் ஆய்வாளர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் எழுதியாகிவிட்டது.

ப்ரீபிரின்ட்

பியர் ரிவ்யூவுக்கு முன்பே இணையத்தில் போடப்படும் பேப்பர் இது. பயன்படுத்தலாம். ப்ரீபிரின்ட் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

ஏஐ எடுத்துக் கொடுத்த மேற்கோள்

ஏஐ சொல்லும் பேப்பர் உங்கள் கையில் இல்லையென்றால் மேற்கோள் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பேப்பர் கிடைக்கவில்லை

கட்டுரையாளருக்கு நான்கு வரியில் மெயில் போடுங்கள். முகவரி பெரும்பாலும் அப்ஸ்ட்ராக்ட் பக்கத்திலேயே இருக்கும். என் மாணவர்கள் கேட்டபோது பல பேர் இரண்டு நாளில் பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் தன் ஆய்வில் பயன்படுத்திய கேள்விப் பட்டியலையும் சேர்த்தே அனுப்பினார்.