சில்லுமூக்கு உடைந்து ரத்தம் நிற்காவிட்டால்

அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் நான். மூக்கில் ரத்தம் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தபடியேதான் உள்ளே நுழைவார்கள். கூட வந்தவர் பின்னந்தலையைத் தாங்கிப் பிடித்திருப்பார். சட்டையில் அவ்வளவாக ரத்தம் இருக்காது. "இப்போ குறைஞ்சிருக்கு சிஸ்டர்" என்பார்கள். சற்று நேரத்தில் கிண்ணம் நிறையக் கருஞ்சிவப்பாக வாந்தி எடுப்பார். ரத்தம் குறையவில்லை, தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. விழுங்கிய ரத்தம் குமட்டும். வாந்தி எடுக்கிற வேகத்தில் மூக்கில் உறையத் தொடங்கிய ரத்தமும் பிய்த்துக்கொள்ளும்.

அதனால் முதலில் உட்கார வையுங்கள். தலை முன்பக்கம் குனிந்திருக்கட்டும், மடியில் ஒரு பாத்திரம் இருக்கட்டும். வாய்க்கு வருவதையெல்லாம் துப்பச் சொல்லுங்கள். உட்கார முடியாத அளவுக்கு மயக்கமாக இருந்தால் மட்டும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்க வேண்டாம்.

அடுத்தது அழுத்துவது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கண்களுக்கு நடுவே இருக்கிற எலும்பை இறுக்கிப் பிடித்தால் ஒரு பயனும் இல்லை. விரலை மூக்கின் மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். எலும்பு முடிந்ததும் மூக்கு மெத்தென்று வளைந்து கொடுக்கும். அந்த மெத்தென்ற பகுதி முழுவதையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொடுத்து, இரண்டு துவாரமும் அடைபடும்படி அழுத்துங்கள். மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கத்தில், பல ரத்தக்குழாய்கள் வந்து பின்னிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. மருத்துவர்கள் அதை 'லிட்டில் பகுதி' என்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் வருவது அங்கிருந்துதான். உங்கள் விரலுக்கு எட்டுகிற இடம் அது.

எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம். நடுவில் "நின்னுடுச்சா?" என்று விரலை எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. 15 நிமிடம் கை வலிக்கும், பொறுமை போகும், தெரியும். எங்கள் பிரிவில், நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான மரக்குச்சி இரண்டைச் சேர்த்து ஒரு முனையில் பிளாஸ்டர் சுற்றி, மறுமுனையால் மூக்கைக் கவ்வ விட்டுவிடுவோம். குச்சி இரக்கப்பட்டு விரலைத் தளர்த்தாது.

மூக்கடைப்புக்குப் போடும் ஆக்ஸிமெட்டசோலின் அல்லது சைலோமெட்டசோலின் ஸ்பிரே கையில் இருந்தால், ஒரே ஒருமுறை மெதுவாகச் சிந்தி ரத்தக்கட்டியை வெளியேற்றி, ஸ்பிரே அடித்துவிட்டு அழுத்தலாம். ரத்தக்குழாய் சுருங்கும். சிறு பிள்ளைகளுக்கும், இதயநோய் அல்லது கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஐஸ் வைத்தால் தவறில்லை, ஆனால் அழுத்துவதை விட்டுவிட்டு ஐஸ் தேடி ஓடாதீர்கள். உலர்ந்த பஞ்சு, காகிதம் எதையும் உள்ளே திணிக்காதீர்கள். ரத்தத்தோடு காய்ந்து ஒட்டிக்கொள்ளும், இழுக்கும்போது மறுபடி பீறிடும்.

அப்புறம், பிரஷர். பயத்திலேயே அது ஏறும். மீட்டரில் பெரிய எண் தெரிகிறதே என்று வழக்கமான மாத்திரையில் இன்னொன்றைக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

அழுத்திக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. வாயைத் திறக்கச் சொல்லி, போன் டார்ச்சால் தொண்டையின் பின்சுவரைப் பாருங்கள். மூக்கு சரியாக அடைபட்டும் அங்கே ரத்தம் வழிந்துகொண்டே இருந்தால், கசிவு பின்பக்கக் குழாயாக இருக்கலாம். வயதானவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். அது விரலுக்கு எட்டாது, உடனே கிளம்புங்கள். சின்னப் பிள்ளை அடிக்கடி எச்சில் விழுங்கினால் அதையும் ரத்தமாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக அழுத்தியும் 20 நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை, தலை சுற்றுகிறது, வெளிறி வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது, இதில் ஏதாவது ஒன்று என்றாலும் ஆம்புலன்ஸ்தான். வண்டியிலும் விரலை எடுக்க வேண்டாம். தலையில் அடிபட்ட பிறகு ரத்தத்தோடு தண்ணீர் மாதிரி ஏதாவது வடிந்தாலும் ஆம்புலன்ஸ்தான். வார்ஃபரின், அபிக்ஸபான், குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குழந்தைக்கு ஒரு மூக்கில் மட்டும் ரத்தமும் நாற்றமுமாக இருந்தால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கலாம். அது பட்டன் பேட்டரியாக இருந்தால் ஒரு மணி நேரம்கூட காத்திருக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? நாடி, ரத்த அழுத்தம் பார்த்து, ஊசிக்குழாய் போட்டு, ரத்தம் எடுப்போம். மரத்துப்போகும் மருந்து வைத்துவிட்டு, கசியும் புள்ளி கண்ணில் பட்டால் சில்வர் நைட்ரேட் குச்சியால் சுடுவார்கள். சுருக்கென்று இருக்கும், தும்மல் வரும். புள்ளி தெரியாவிட்டால் மூக்கை அடைப்பார்கள். அடைக்கும் பஞ்சு மேல்நோக்கிப் போகும் என்று நினைத்துப் பலர் தலையைப் பின்னால் இழுக்கிறார்கள். உண்மையில் மூக்குத் துவாரத்தின் அடிப்பக்கம் நேராகப் பின்னால்தான் போகிறது. அசையாமல் இருந்தால் சில நொடி வேலை. பிறகு அது ரத்தத்தையும் ஈரத்தையும் உறிஞ்சி உப்பி உள்ளிருந்தே அழுத்தும். பின்பக்கக் கசிவுக்குப் பலூன் வைத்த குழாய் போடுவார்கள். சிறுநீருக்குப் போடும் ஃபோலி குழாயையே இதற்கும் பயன்படுத்துவது உண்டு. இப்படிப் பலூன் வைத்தவர்களைப் படுக்கையில் சேர்த்து, ஆக்சிஜன் அளவைக் கண்காணிப்போம். அதற்கும் நிற்காவிட்டால் ரத்தக்குழாயையே அடைக்கும் அறுவை சிகிச்சை.

நின்ற பிறகு ஒரு நாளைக்குச் சூடான பானம் வேண்டாம். ஒரு வாரமாவது மூக்கைச் சிந்துவது, நோண்டுவது, குனிந்து கனம் தூக்குவது கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். தலையணையை உயர்த்திப் படுங்கள். அடைப்போடு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பஞ்சிலிருந்து வந்து கன்னத்தில் ஒட்டிய நூல் உறுத்தத்தான் செய்யும். அதைப் பிடித்து நீங்களே இழுத்துவிடாதீர்கள். சொன்ன தேதிக்கு வாருங்கள், நாங்கள் எடுத்துவிடுகிறோம்.