முதல் எம்.யு.என். மாநாட்டுக்குத் தயாராவது எப்படி?

எம்.யு.என். என்பது மாதிரி ஐ.நா. மாநாடு: மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து, ஐ.நா.வைப் போலவே விவாதித்துத் தீர்மானம் எழுதும் பயிற்சி. அதற்குப் பெயர் கொடுத்ததும் மூன்று தகவல்கள் வரும்: எந்தக் குழு, எந்த நாடு, எதைப் பற்றி விவாதம். கூடவே விவாதப் பொருளை அறிமுகப்படுத்தும் ‘பேக்ரவுண்ட் கைடு’ என்றொரு பிடிஎஃப். முதல்முறை போகிறவர்கள் அதை ஒருமுறை புரட்டிவிட்டு உடனே பேச்சு எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இரண்டு நாளில் நீங்கள் மைக் முன்னால் நிற்கும் நேரத்தையெல்லாம் கூட்டினாலும் பத்து நிமிடம் தேறுவது கடினம். தீர்மானத்தில் எந்த வரி இருக்க வேண்டும், எந்தச் சொல் கூடாது என்ற இழுபறியில்தான் மாநாட்டின் பெரும்பகுதி கழியும். அங்கே கைகொடுப்பது நாட்டைப் பற்றிய அறிவு.

உங்களுக்குக் கிடைத்தது ஐ.நா. பொதுச்சபை, நாடு வனுவாட்டு, பொருள் பருவநிலை மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். சின்ன நாடு கிடைத்துவிட்டதே என்று முகம் வாட வேண்டாம். பசிபிக்கில் எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள், மூன்று லட்சம் அளவில் மக்கள். 2023 மார்ச் முதல் வாரத்தில் இரண்டு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கின. அதே மாதம் 29ஆம் தேதி, இந்த நாடு முன்னின்று கொண்டுவந்த 77/276 தீர்மானத்தைப் பொதுச்சபை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக ஏற்றது. பருவநிலையைக் காக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை, தவறினால் என்ன விளைவு என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்ட தீர்மானம் அது. அந்த யோசனையை 2019இல் கிளப்பியவர்கள் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் 27 சட்ட மாணவர்கள். நீதிமன்றம் 2025 ஜூலை 23இல் தன் கருத்தைச் சொன்னது. வகுப்பறையில் பிறந்த கேள்விக்கு ஹேக் நகரிலுள்ள அந்த நீதிமன்றத்திடமிருந்து பதில் வர ஆறு ஆண்டுகள்.

எந்த நாடு கிடைத்தாலும் நான்கு கேள்விகளுக்கு ஒரே பக்கத்தில் கையால் பதில் எழுதுங்கள். இந்தப் பிரச்சினையால் இந்த நாட்டுக்கு என்ன நஷ்டம், என்ன லாபம்? ஐ.நா.வில் இதுவரை எப்படி வாக்களித்திருக்கிறது? யாரோடு சேர்ந்து நிற்கிறது? எந்த வாசகத்துக்கு ஒருக்காலும் சம்மதிக்காது? இரண்டாவது கேள்விக்கு ஐ.நா. டிஜிட்டல் நூலகத்தில் தீர்மான எண்ணைக் கொடுத்துத் தேடினால் போதும். வாக்கெடுப்பு நடந்திருந்தால் எந்த நாடு எந்தப் பக்கம் என்ற பட்டியல் இலவசமாகவே கிடைக்கும். மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் நாடுகளே கூட்டாளிகள் என்று நினைத்துவிடுகிறார்கள். 77/276ஐ முன்னெடுத்த மையக் குழுவில் வங்கதேசம், உகாண்டா, சிங்கப்பூர் இருந்தன; தொழில் நாடான ஜெர்மனியும் இருந்தது. அது தெரியாமல் போனால் ஜெர்மனி என்ற பெயர்ப்பலகை வைத்திருப்பவரிடம் பேசவே மாட்டீர்கள்.

விக்கிபீடியாவைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அவையில் யாராவது ஆதாரம் கேட்டால் அது செல்லாது. ஐ.நா. ஆவணம், அரசு அறிக்கை, ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனம் என்று ஏதாவது ஒன்றின் அச்சுப்பிரதி கோப்பில் இருக்கட்டும். அரங்கில் வைஃபை பெரும்பாலும் காலை வாரிவிடும்.

இப்போது பேச்சு. பொதுப் பேச்சாளர் பட்டியலில், அதாவது ஜிஎஸ்எல்லில், வழக்கமாகக் கிடைப்பது 90 வினாடி. நிதானமான ஆங்கிலத்தில் அது 180 சொற்களுக்குள் அடங்கும். 250 எழுதினால் சேர்மன் சுத்தியலைத் தட்டும்போது உங்கள் கோரிக்கை இன்னும் வந்திருக்காது. அதனால் கோரிக்கையை முதல் 30 வினாடிக்குள் சொல்லிவிடுங்கள். தமிழில் யோசிப்பவர்கள் வாதத்தை முதலில் தமிழிலேயே மூன்று வரியாக எழுதிக்கொண்டு, பிறகு எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவது நல்லது. உச்சரிப்புக்காக யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. வாதம் குழம்பினால் நிச்சயம் குறையும். இன்னொன்று, பல மாநாடுகளில் ‘நான்’ என்று பேச அனுமதியில்லை, ‘வனுவாட்டுவின் பிரதிநிதி’ என்றே சொல்ல வேண்டும். வீட்டில் பத்து முறை சொல்லிப் பார்க்காவிட்டால் பதற்றத்தில் ‘நான்’ வந்துவிடும்.

நடைமுறை விதிகள் மாநாட்டுக்கு மாநாடு மாறும். அவர்கள் அனுப்பும் விதிப்புத்தகத்தையே நம்புங்கள். இரண்டு இடத்தில் மட்டும் கவனம். வருகைப் பதிவில் ‘பிரசன்ட் அண்ட் வோட்டிங்’ என்று சொல்லிவிட்டால், தீர்மானத்தின் மீதான வாக்கெடுப்பில் நடுநிலை வகிக்க முடியாது. ஆம் அல்லது இல்லை மட்டும்தான். நாட்டின் நிலைப்பாடு இரண்டுங்கெட்டானாக இருந்தால் வெறும் ‘பிரசன்ட்’ போதும். அடுத்தது, மாடரேட்டட் காக்கஸுக்கு, அதாவது ஒரே தலைப்பில் ஒருவர் பின் ஒருவராகப் பேசும் விவாதத்துக்கு, மோஷன் (முன்மொழிவு) வைக்கும்போது மொத்த நேரம், ஒருவருக்கான நேரம், தலைப்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பத்து நிமிடம், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் பத்துப் பேர். பத்து நிமிடம், ஆளுக்கு 45 வினாடி என்றால் மீதி விழும். மோஷன் அங்கேயே திரும்பி வரும். தலைப்பைக் குறுக்குங்கள். ‘பருவநிலை மாற்றத்தின் பாதிப்பு’ என்று வைத்தால் பத்துப் பேரும் ஒரே பேச்சைப் பேசுவார்கள். ‘புயலுக்குப் பின் முதல் மாத நிவாரண நிதி’ என்று வையுங்கள், விவாதம் நகரும்.

அன்மாடரேட்டட் காக்கஸ், அதாவது இருக்கையை விட்டு எழுந்து சுதந்திரமாகப் பேசிக்கொள்ளும் நேரம், தொடங்கியதும் எல்லோரும் எழுந்து கூட்டம் கூடுவார்கள். குரல் பெரியவர் பேசிக்கொண்டிருப்பார், லேப்டாப் வைத்திருப்பவர் எழுதுவார். நீங்கள் லேப்டாப் பக்கத்தில் உட்காருங்கள். கையில் இரண்டு வாசகங்களைத் தயாராக எழுதிக்கொண்டு போனால், குரல் சின்னதாக இருந்தாலும் அவை உள்ளே போய்விடும். கூகுள் டாக்கில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் திருத்தும்போது பத்திகள் காணாமல் போவது சகஜம். அரைமணிக்கு ஒருமுறை தனிப் பிரதி எடுங்கள்.

தீர்மானத்தில் இரண்டு பகுதி. முன்பகுதி காரணங்களையும் பழைய தீர்மானங்களையும் சொல்லும். ஒவ்வொரு வாசகமும் காற்புள்ளியில் முடியும். பின்பகுதி செய்யவேண்டியதைச் சொல்லும். எண் போட்டு, அரைப்புள்ளியில் முடியும், கடைசி வாசகத்துக்கு மட்டும் முற்றுப்புள்ளி. பின்பகுதியில்தான் தரம் தெரியும். ‘பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு எல்லா நாடுகளும் உதவ வேண்டும்’ என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எவ்வளவு, எப்போது, எந்தப் பணத்தில் என்று ஒன்றுமே இல்லை. அதையே இப்படி மாற்றலாம்: ‘2022இல் ஷர்ம் எல்-ஷேக் பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பு மற்றும் சேத நிதியிலிருந்து, சிறு தீவு நாடுகளுக்குப் புயல் தாக்கிய 30 நாளுக்குள் முதல் தவணை கிடைக்க வழிசெய்யுமாறும், தாமதங்களை ஆண்டுதோறும் பொதுச்சபைக்குத் தெரிவிக்குமாறும் நிதியத்தின் நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறது.’ இதை எதிர்ப்பவர்கூட எதை எதிர்க்கிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

அதிகார எல்லையையும் பாருங்கள். பொதுச்சபை நாடுகளுக்குப் பரிந்துரைக்கலாம், வலியுறுத்தலாம். எல்லா நாடுகளும் கட்டாயம் பின்பற்ற வேண்டிய பொருளாதாரத் தடை என்றால் அது ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் பாதுகாப்புச் சபையின் வேலை. பொதுச்சபைத் தீர்மானத்தில் அப்படியொரு தடை எழுதினால், எதிரணி அந்த ஒரு வரியைப் பிடித்தே மொத்தத் தாளையும் கவிழ்த்துவிடும்.

வரைவுத் தீர்மானத்துக்குக் கையெழுத்து கேட்டு வருபவர்களிடம் ‘ஸ்பான்சரா, சிக்னேட்டரியா’ என்று கேளுங்கள். ஸ்பான்சர் என்றால் அந்த வாசகம் உங்களுடையது. சிக்னேட்டரி என்றால் விவாதத்துக்கு வரட்டும் என்ற சம்மதம் மட்டும்; எதிராகவும் வாக்களிக்கலாம். வாக்கெடுப்பில் சாதாரணப் பெரும்பான்மை என்றால் நடுநிலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை: முப்பது நாடுகளில் 12 ஆதரவு, 10 எதிர்ப்பு, 8 நடுநிலை என்றால் தீர்மானம் நிறைவேறிவிடும். எதிர்ப்பவரை ஆதரவாளராக மாற்ற முடியாதபோது நடுநிலைக்காவது நகர்த்துங்கள்.

மாநாடு முடிந்த வாரமே, நீங்கள் எழுதிய வாசகங்களையும் அதே பொருளில் ஐ.நா. நிஜமாக ஏற்ற தீர்மானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த இடத்தில் அவர்கள் உங்களைவிட மென்மையான சொல்லைப் போட்டிருக்கிறார்கள் என்று அடிக்கோடிட்டு, அந்தச் சொல்லுக்காக எந்த நாடு வாதாடியிருக்கும் என்று ஓரத்தில் எழுதுங்கள். அடுத்த மாநாட்டுக்கான தயாரிப்பு அந்த ஓரக் குறிப்புகளிலிருந்து தொடங்கலாம்.