மிக்ஸ் அனுப்பிக் கருத்துக் கேட்கும்போது செய்யக்கூடாதவை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஹெவி மெட்டல் பாட்டுக்குக் கவர் (பிறர் பாட்டை நாம் வாசித்துப் பாடுவது) பதிவுசெய்ய இன்று பெரிய முதலீடு தேவையில்லை. கித்தார், மடிக்கணினி, கித்தாரைக் கணினியோடு இணைக்கக் கைக்கடக்கமான ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், டிரம்முக்கு ஒரு மென்பொருள் போதும். அரிதாகக் கிடைப்பது, முடித்த மிக்ஸை, அதாவது தனித்தனியாகப் பதிந்த தடங்களை அளவு பார்த்துச் சேர்த்த கலவையைக் கேட்டு உருப்படியாக நாலு வார்த்தை சொல்லும் ஆள். அதற்காக "தோட்டப்புறத்தில் மெட்டல் யாருக்குப் புரியும்?" என்று அலுத்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. ஆட்கள் இருக்கிறார்கள். நாம் கேட்கும் முறைதான் பெரும்பாலும் கோணலாக இருக்கிறது.

முதல் கோணல், "எப்படி இருக்கிறது?" என்ற கேள்வி. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அப்படிக் கேட்டால் கட்டைவிரல் படங்கள்தாம் வரும். பாசத்தோடு வரும், பயன் இராது. அதைவிடக் கெடுதல், "பேஸ் கொஞ்சம் குறைவுதான், குரலை அவசரமாகப் பதிந்தேன்" என்று முன்னுரை எழுதி அனுப்புவது. அதைப் படித்தவர் பேஸ் குறைவாக இருப்பதைத் தேடித்தான் கேட்பார், கண்டும்பிடித்துவிடுவார். ஒன்றும் சொல்லாமல் அனுப்புங்கள். கேட்டு முடித்த பிறகு விசாரியுங்கள்: எந்தக் கருவியைக் காது கொடுத்துத் தேட வேண்டியிருந்தது? எந்த இடத்தில் ஒலியைக் குறைக்கக் கை போனது? பாடலின் சொற்கள் விளங்கினவா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல யாருக்கும் இசை ஞானம் வேண்டாம்.

அடுத்தது கோப்பு. ஸ்பீக்கருக்கு முன்னால் கைப்பேசியைப் பிடித்துக் குரல் பதிவாக அனுப்புகிறவர்கள் இன்னும் உண்டு. அதில் இடமும் வலமும் ஒன்றாகிவிடும், சிம்பல் தட்டின் ஒலி தண்ணீரில் நனைந்ததுபோல் குழையும். வேவ் கோப்பாகவோ 320 கிலோபிட் எம்பி3 ஆகவோ எடுத்து, 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். கேட்பவர் எதில் கேட்டார் என்பதையும் விசாரியுங்கள். பேஸ் கித்தாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், சாதாரணக் கித்தாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். கைப்பேசியின் சின்ன ஸ்பீக்கர் இந்த ஆழத்துக்கு இறங்காது. அதில் கேட்டுவிட்டு "பேஸே இல்லை" என்றால் அடி ஒலியைக் கூட்டுவது வீண் வேலை. பேஸ் தடத்துக்குக் கொஞ்சம் முறுக்கொலி (டிஸ்டார்ஷன்) கொடுத்து 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் பகுதியை வெளியே கொண்டுவந்தால், அதே கைப்பேசியில் பேஸ் தலைகாட்டும்.

ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரை நெருக்கிப் பிழிந்து அனுப்புவது மெட்டல்காரர்களுக்கே உரிய வியாதி. சத்தம் கூடினால் எதுவும் நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும். அதனால்தான் ஒப்பீடு செய்யும்போது மூலப் பாடலையும் உங்கள் மிக்ஸையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்கிறோம். 2008இல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது, கித்தார் ஹீரோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் இவ்வளவு நசுங்காமல் தெளிவாக இருப்பதைக் கண்டு ரசிகர்களே கொதித்தார்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் இப்போது எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ −14 எல்யுஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்திவிடுகின்றன. பிழிந்து பெற்ற சத்தம் அங்கே போனதும் குறைக்கப்பட்டுவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். கருத்துக் கேட்கும் பிரதியில் லிமிட்டரைக் கழற்றிவிட்டு, உச்சம் −6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவர் என்பதால் வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் மூலத்தை அச்சாகப் பின்பற்றுகிறீர்களா, உங்கள் வழியில் வாசிக்கிறீர்களா என்று கேட்பவருக்குத் தெரியாது. மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' பேஸ் ஏறக்குறைய கேட்காத மிக்ஸுக்காகவே பேர்போனது. அதிலிருந்து ஒரு பாட்டை எடுத்து அதேபோல் மிக்ஸ் செய்தால் "பேஸ் எங்கே?" என்பார்கள், பேஸைத் தூக்கி வைத்தால் மூலத்தைக் கரைத்துக் குடித்தவர் "ஒலி மாறிவிட்டது" என்பார். இன்னொன்று, சுருதி. தொழிற்சாலை விபத்தில் விரல்நுனிகளை இழந்த பிளாக் சப்பாத் குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, 1971 வாக்கில் பல பாடல்களுக்குத் தந்திகளை மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தார். அந்தப் பாடல்களைச் சாதாரணச் சுருதியில் வாசித்துவிட்டு அனுப்பினால், "கனம் பத்தவில்லை" என்ற குறை வரும். அது மிக்ஸின் குறை அன்று. ஒலியின் மேல், கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகித் திருகி அதைச் சரிசெய்ய முயல்வது பரிதாபம்.

கேட்பவரின் மொழியைப் படிக்கத் தெரியாததுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். எங்கள் பக்கத்தில் கோவில் உருமி மேளக் குழுவில் வாசிக்கும் தம்பி ஒருவன், மெட்டல் வாடையே இல்லாதவன், மைவி காரில் ஒரு கவரைக் கேட்டான். உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டே, "அடி விழுகிறது அண்ணே, தோல் அதிரவில்லை" என்றான். காலால் அடிக்கும் கிக் டிரம்மில் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து 'டிக்' ஒலி மட்டும் இருக்கிறது, 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான உடம்பு இல்லை என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியாளரும் சொல்ல முடியாது. அங்கே கிக்கைக் கூட்டுவதற்கு முன்னால், பேஸும் கித்தாரும் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கித்தார்களை 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, பேஸில் அதே பகுதியைச் சற்றுத் தணித்தாலே பல நேரம் தோல் அதிர ஆரம்பித்துவிடும்.

"வண்டு மொய்க்கிறது" என்றால், கித்தார் ஆம்ப்ளிஃபையர் போல ஒலிக்கச் செய்யும் ஆம்ப் மென்பொருளில் ஸ்பீக்கர் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) பகுதியைப் போட மறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். "இரைச்சல்" என்றால் கெயின், அதாவது முறுக்கொலியின் அளவு, மிகுதி. தனியாக வாசிக்கும்போது சுகமாக இருக்கும் கெயின், தடங்கள் சேர்ந்ததும் சேறாகிவிடும், தைரியமாகக் குறைக்கலாம். "அமுங்கிக் கிடக்கிறது" என்பவர் பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை குவிந்ததைச் சொல்கிறார். "எல்லாம் நடுவிலேயே நிற்கிறது" என்றால், ஒரே கித்தார் பதிவைப் பிரதி எடுத்து இரு பக்கமும் வைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது. அதே பகுதியை இரண்டாம் முறை கையால் வாசித்து ஒன்றை இடக்கோடியிலும் மற்றதை வலக்கோடியிலும் வைக்க வேண்டும். கைவலிக்கு அஞ்சினால் மெட்டல் எதற்கு?

யார் சொல்கிறார் என்பதும் முக்கியம். எண்பதுகளில் சர்ச், விங்ஸ் என்று மலாய்க் குழுக்களின் ராக் காப்பாக் இசையைக் கேட்டு வளர்ந்த அண்ணன்கள் நம் ஊர்களில் நிறைய. குரலும் சோலோவும் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பது அவர்கள் காது. சோலோ பற்றி அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். உறுமல் குரல் பற்றிச் சொல்வதைப் புன்னகையோடு விட்டுவிடுங்கள். அம்மா "சத்தத்தைக் குறை" என்பதும் கருத்துதான், ஆனால் அது மிக்ஸைப் பற்றியது அன்று.

மாலை மழை தகரக் கூரையில் இறங்கும் நேரத்தில் மிக்ஸ் செய்து அன்றிரவே அனுப்பாதீர்கள். மழைச் சத்தம் மேல் ஒலிகளை மறைக்கும், நாம் அறியாமல் அவற்றைக் கூட்டிவிடுவோம். மறுநாள் கேட்டால் சிம்பல் காதைக் கிழிக்கும்.

கருத்து வந்த பிறகு வாதாடாதீர்கள். எல்லாவற்றையும் செய்துவிடவும் வேண்டாம். தொடர்பில்லாத இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கை வையுங்கள். ஒருவர் கித்தார் அதிகம் என்றும் இன்னொருவர் குறைவு என்றும் சொன்னால், அளவில் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். அதே அலைவரிசையில் வேறொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம். திருத்தியதை "இப்போது சரியா?" என்று கேட்டு அனுப்பினால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்கு. பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவில், எது எது என்று சொல்லாமல், 1, 2 என்று பெயரிட்டு அனுப்புங்கள். ஆளுக்கு ஆள் வரிசையையும் மாற்றுங்கள். பழையதையே பலர் தேர்ந்தெடுத்தால் அந்தக் கோப்பைத் திறந்து அங்கிருந்து தொடரலாம். ஒவ்வொரு திருத்தத்தையும் வேறு பெயரில் சேமிக்கச் சொல்வது இதற்காகத்தான்.