பத்து நிமிஷம் மார்க் ட்வெய்னைப் பற்றிப் பேச

முதலில் ஒன்று: "1835-ல் பிறந்தார்" என்று ஆரம்பிக்காதீர்கள். குடியாத்தத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பின்வரிசையில் நாலு பேர் செல்போனை எடுத்துவிட்டார்கள்.

இந்த அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரின் பேரிலிருந்து தொடங்குங்கள். சொந்தப் பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். மிசிசிப்பி ஆற்றில் நீராவிக் கப்பல் ஓட்டியவர். ஆழம் பார்க்கிற ஆள் 'மார்க் ட்வெய்ன்' என்று குரல் கொடுத்தால் ரெண்டு பாகம், அதாவது 12 அடி தண்ணீர் என்று அர்த்தம். கப்பல் தரை தட்டாது. இதைச் சொல்லிவிட்டு, "நம்ம பாலாற்றில் அந்த ஆளை இறக்கிவிட்டால்..." என்று நிறுத்துங்கள். மிச்சத்தைச் சொல்லாதீர்கள்.

அந்த நிறுத்தத்துக்குத்தான் பழக வேண்டும். கதை சொல்வது எப்படி என்று 1895-ல் அவரே எழுதியிருக்கிறார்: இதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்ற சந்தேகமே தனக்கு இல்லாத மாதிரி சொல்ல வேண்டுமாம். வீட்டில் நம்ம வேலூர்ச் சொலவடையை வைத்துப் பழகுங்கள். தண்ணீர் இல்லாத ஆறு. ராஜா இல்லாத கோட்டை. ஒரு மிடறு டீ குடிக்கிற நேரம் விட்டு, சாமி இல்லாத கோயில். (1981-ல் சாமி வந்துவிட்டார், சொலவடை மட்டும் போகவில்லை.) துக்கம் விசாரிக்கிற முகம் வேண்டும். நான் மூன்றாவதுக்கு முன்பே சிரித்துக் கெடுத்தேன்.

நடுவில் மெஷின் கதையை வையுங்கள். நான் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவன். முகூர்த்த மாசத்தில் 'திருநிறைச்செல்வி' கோர்த்துக் கோர்த்து கேஸில் (ஈய எழுத்துகள் வைக்கும் தட்டில்) 'ச்' தீர்ந்துபோகும். பழைய ஃபாரத்தை, அதாவது அச்சடித்து முடித்த எழுத்துக் கட்டை, பிரித்தால்தான் அடுத்த கல்யாணம். அவரும் சின்ன வயதில் இதே வேலை பார்த்தவர்தான். அதனாலேயோ என்னவோ, தானாக எழுத்துக் கோர்க்கும் பேஜ் இயந்திரத்தில் பணத்தைக் கொட்டினார். அதில் 18,000 பாகங்கள். ஒன்று ஓடினால் ஒன்று நிற்கும். அதற்குள் லைனோடைப் என்ற போட்டி மெஷின் வந்துவிட்டது. எழுத்துக் கோர்க்கிற எங்கள் ஜாதியை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மெஷின், 1894-ல் அவரைத் திவாலாக்கியது. (என்னை அனுப்பியது, எழுத்தே கோர்க்காமல் அச்சடிக்கிற ஆஃப்செட்.)

கடனை அடைக்க உலகம் சுற்றிப் பேசினார். 1896-ல் பம்பாய், கல்கத்தா எல்லாம் வந்தார். திரும்பும்போது கப்பல் சென்னையில் ஒரு நாள் நின்றது. வேலூருக்கும் வந்தார் என்று ஆர்வத்தில் சேர்த்துவிடாதீர்கள். 1898-க்குள் முழுக் கடனும் அடைந்தது.

இப்போது பிறந்த வருஷத்தைச் சொல்லலாம். 1835, ஹாலி வால்நட்சத்திரம் தெரிந்த வருஷம். அதோடு வந்தேன், அதோடு போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1910 ஏப்ரலில் அது சூரியனை நெருங்கிய மறுநாள் போய்விட்டார்.

ஒரு மிடறு டீ நேரம். அப்புறம் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள்.