சாட்டர்டே நைட் ஃபீவர்: பதினேழு பாட்டுகளில் உங்களுக்குப் பிடித்த ஐந்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

டிஸ்கோ என்றதும் பலருக்கு நினைவு வருவது ஒரே ஒரு படம்தான். வெள்ளை கோட் சூட், கீழே கலர் கலராக எரியும் தரை, ஒரு கையை வானத்துக்கு நீட்டி நிற்கும் ஜான் ட்ரவோல்டா. 1977 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தின் போஸ்டர் அது. பாட்டுத் தட்டு அதற்கு ஒரு மாதம் முன்பே கடைக்கு வந்துவிட்டது. 1978இல் அமெரிக்காவின் ஆல்பங்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்ட் பட்டியலில் தொடர்ந்து 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த வருடம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது.

இந்த ஆல்பத்தைப் புதிதாகக் கேட்பவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? முதல் பாட்டைப் போடுவார்கள். பீ ஜீஸ் சகோதரர்களின் கீச்சுக் குரல் வரும். சிரிப்பு வரும். மூடி வைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் மூடி வைத்தேன், ஒன்றிரண்டு வருடம் இல்லை, பல வருடம். குரலில் தொடங்கியதுதான் நான் செய்த தப்பு. டிஸ்கோவைக் காலில் தொடங்க வேண்டும். அதனால் கீழே வரும் வரிசை ஆல்பத்தின் வரிசை அல்ல. கேட்டு முடித்ததும் உங்களுக்குப் பிடித்த ஐந்து பாட்டை ஒரு தாளில் எழுத வேண்டும், அதுதான் இலக்கு.

தேவையானவை: சுமாரான ஹெட்ஃபோன் அல்லது பெரிய ஸ்பீக்கர், ஒரு தாள், பேனா, ஒன்றேகால் மணி நேரம். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். அதில் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும். பேஸ் கேட்காத டிஸ்கோ, மிருதங்கக்காரர் வராத கச்சேரி மாதிரி.

படி 1: முழு ஆல்பத்தை எடுங்கள்

இது இரண்டு இசைத்தட்டு கொண்ட ஆல்பம். நான்கு பக்கம், மொத்தம் 17 பாட்டு. நீங்கள் எடுத்தது சரியானதுதானா என்று பார்க்க எளிய வழி உண்டு. கடைசிப் பாட்டு 'டிஸ்கோ இன்ஃபெர்னோ'. அதன் நீளம் கிட்டத்தட்ட 11 நிமிடம் இருக்க வேண்டும். மூன்றரை நிமிடம் என்று காட்டினால் அது வானொலிக்காக வெட்டிய வடிவம்.

நான் முதலில் வாங்கியது தெருமுனைக் கடையில் கிடைத்த ஒரு கலவை சி.டி. அதிலிருந்தது இந்த வெட்டிய வடிவம்தான். பாட்டே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முழுப் பாட்டைக் கேட்ட அன்று, ஏதோ சி.டி. சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஷஃபிளை அணைத்து வையுங்கள்.

படி 2: கடைசிப் பாட்டில் ஆரம்பித்து, காலால் எண்ணுங்கள்

'டிஸ்கோ இன்ஃபெர்னோ'வைப் போடுங்கள். பாடுவது ட்ராம்ப்ஸ், ஃபிலடெல்ஃபியா குழு. படத்துக்காகச் செய்த பாட்டு இல்லை, 1976லேயே வந்தது. வரிகளைக் கவனிக்க வேண்டாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது குதிகாலால் தரையில் தட்டுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு எண்ணிக்கையிலும் பெரிய டிரம் 'தும்' என்று விழுவது கேட்கும். ஒன்றுகூட விடாது. ராக் பாட்டில் இப்படி இருக்காது. அங்கே பெரிய டிரம் ஓர் எண்ணிக்கையிலும் சின்ன டிரம் அடுத்ததிலும் மாறி மாறி வரும்.

இப்போது இரண்டு 'தும்'களுக்கும் நடுவில் காதை வையுங்கள். அங்கே 'ட்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டு அந்த நொடியில் திறந்து மூடுகிறது. தும்-ட்ஸ், தும்-ட்ஸ், தும்-ட்ஸ், தும்-ட்ஸ். குதிகால் 'தும்'முக்கு, கைவிரல் 'ட்ஸ்'ஸுக்கு. இரண்டு நிமிடம் தடுமாறும், அப்புறம் தானாக வந்துவிடும்.

இந்த அடியை எழுபதுகளின் தொடக்கத்தில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஏர்ல் யங். ட்ராம்ப்ஸ் குழுவின் டிரம்மர் அவர், அடித்தொண்டையில் பாடுபவரும் அவரே. இதே ஆல்பத்தில் 'கே-ஜீ' வாசிக்கும் எம்.எஃப்.எஸ்.பி. குழுவிலும் வாசித்தவர். பீ ஜீஸ் படம்தான் தட்டின் அட்டையில் பெரிதாக இருக்கும், ஆனால் டிஸ்கோவின் வீட்டு விலாசம் ஃபிலடெல்ஃபியாதான் என்பது என் கட்சி.

படி 3: 'ஸ்டேயின் அலைவ்', டிரம்மர் இல்லாத பாட்டு

இப்போது முதல் பாட்டுக்கு வரலாம். குரலை இன்னும் கண்டுகொள்ளாதீர்கள். அடியை மட்டும் கேளுங்கள். ஏர்ல் யங்கின் அடியில் கை கொஞ்சம் மூச்சு வாங்கும். இதில் வாங்காது. கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். ஏன் என்பது நல்ல கதை.

பாரிஸுக்குப் பக்கத்தில் ஏரூவில் என்ற ஊர். அங்கே ஒரு பழைய மாளிகையில் ஒலிப்பதிவுக்கூடம். 1977இல் பீ ஜீஸ் அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோது, டிரம்மர் டென்னிஸ் பிரையன் குடும்ப அவசரமாக ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. பாட்டு தயார், அடிக்க ஆள் இல்லை. தயாரிப்பில் இருந்த ஆல்பி கலூட்டனும் கார்ல் ரிச்சர்ட்சனும் ஒரு வழி கண்டார்கள். ஏற்கெனவே பதிவாகியிருந்த 'நைட் ஃபீவர்' பாட்டின் டிரம்ஸிலிருந்து இரண்டே சுற்றை எடுத்து, அந்த டேப்பின் இரு முனையையும் ஒட்டினார்கள். நீளமான வளையம் அது. மெஷினிலிருந்து வெளியே வந்து, மைக் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மெஷினுக்குள் போகும். துணி காயப்போடும் கொடி சுற்றிச் சுற்றி வருகிற மாதிரி. அதை ஓடவிட்டு, அதன் மேலேயே மற்ற வாத்தியங்களை வாசித்தார்கள்.

இன்று கணினியில் இரண்டு சொடுக்கில் முடிகிற வேலை. அன்று பசையும் பிளேடும் வேண்டியிருந்தது. அடித்தது நிஜ மனிதர், ஆனால் அந்த இடத்தில் அவர் இல்லை. எனவே தட்டில் டிரம்மர் பெயராக 'பெர்னார்ட் லூப்' என்று இல்லாத ஒருவரை விளையாட்டாகப் போட்டார்கள் (ஆங்கிலத்தில் 'லூப்' என்றால் வளையம்). அந்த ஆளை வாசிக்கக் கூப்பிட ஊரெல்லாம் தேடியவர்களும் உண்டாம். அதே வளையம் 'மோர் தேன் எ வுமன்' பாட்டிலும், பிறகு 1980இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பாடிய 'வுமன் இன் லவ்' பாட்டிலும் ஓடியது.

சரி, பயிற்சி. பாட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடங்கள். ஓர் அடிக்கு ஒரு காலடி. நிமிடத்துக்குச் சுமார் 103 அடி வரும், நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற வேகம். படமும் இந்த நடையோடுதான் தொடங்குகிறது. புரூக்ளின் தெருவில், கையில் பெயின்ட் டப்பாவோடு ட்ரவோல்டா நடப்பார். போகிற வழியில் இரண்டு பீட்சா துண்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தின்பார். (மாரடைப்பு முதலுதவியில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்தச் சொல்வார்கள். அந்தப் பயிற்சி வகுப்புகளில் இந்தப் பாட்டு ஓடுவதற்கு இந்த வேகம்தான் காரணம்.)

படி 4: ஒரே பாட்டை இரண்டு பேர் பாடக் கேளுங்கள்

'மோர் தேன் எ வுமன்' ஆல்பத்தில் இரண்டு முறை வரும். முதல் பக்கத்தில் பீ ஜீஸ், இரண்டாம் பக்கத்தில் டவாரெஸ். டவாரெஸும் அண்ணன் தம்பிகள் குழுதான், மாசசூசெட்ஸ்காரர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மெட்டு ஒன்று, எழுதியவர்களும் பீ ஜீஸ் குழுவின் கிப் சகோதரர்களே. ஆனால் டவாரெஸ் நெஞ்சிலிருந்து பாடுகிறார்கள். எதிரில் ஒருத்தி நிற்கிறாள், அவளிடம் சொல்கிறார்கள் என்று தோன்றும். பீ ஜீஸ் பாடுவதில் ஆள் தெரியாது, புகைதான் தெரியும். ஆட பீ ஜீஸ், கேட்க டவாரெஸ் என்பது என் தீர்ப்பு. உங்கள் தாளில் இரண்டில் ஒன்றை மட்டும் எழுத வேண்டும். இரண்டையும் எழுதினால் அது ஏமாற்று.

படி 5: இப்போது குரல்

இவ்வளவு நேரம் ஒதுக்கிவைத்த கீச்சுக் குரலுக்கு வருவோம். நம் ஊர்ச் சங்கீதக்காரர்கள் கள்ளக்குரல் என்பார்கள். ஒரு பாடகர் அதை எப்போதாவது உச்சத்தைத் தொடப் பயன்படுத்துவார். பாரி கிப் அதில் குடித்தனமே நடத்துகிறார். 1975இல் மயாமியில் ஒரு பாட்டின் முடிவில், சுருதி தப்பாமல் யாராவது கத்த முடியுமா என்று தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டின் கேட்க, பாரி முயன்றபோது வெளிவந்த குரல் இது. அதுவரை அவர்கள் சோகமான மெல்லிசைக்குப் பெயர் பெற்ற குழு.

மூன்று பாட்டை இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் 'ஜைவ் டாக்கின்', 1975இல் வந்தது. மயாமி ஒலிப்பதிவுக்கூடத்துக்குத் தினமும் காரில் போகும்போது, பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும் சத்தத்திலிருந்து பிறந்த தாளம். தொடக்கத்தில் கிட்டார் சுரண்டுவதைக் கேட்டால் நீங்களும் பாலத்தில் போவீர்கள். (ஆல்பத்தில் இருக்கும் இந்தப் பாட்டு படத்தில் இல்லை.) அடுத்து 'யூ ஷுட் பி டான்சிங்', 1976. இதில் கள்ளக்குரல் முழுதாகக் குடியேறிவிட்டது. படத்தில் ட்ரவோல்டா மற்றவர்களை ஒதுங்கச் செய்துவிட்டுத் தனியாக ஆடுவது இதற்குத்தான். மூன்றாவது 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்'. இங்கே கத்தல் கிடையாது. காதுக்குப் பக்கத்தில் மூச்சோடு சேர்ந்து வருகிற குரல், அடியில் புளூ வீவரின் எலெக்ட்ரிக் பியானோ. டிஸ்கோ பிடிக்காது என்று சொல்பவர்களுக்கு நான் போட்டுக்காட்டும் பாட்டு இது. அவர்கள் இதை டிஸ்கோ என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

கிப்கள் எழுதி வேறொருவர் பாடிய இன்னொன்றும் உண்டு, இவான் எலிமன் பாடிய 'இஃப் ஐ கான்ட் ஹேவ் யூ'. அழுகிற வரிகளுக்கு ஆடுகிற தாளம். ஒருமுறை கேட்டால் போதும், நாள் முழுக்க வாயில் ஓடும்.

படி 6: எல்லோரும் தாண்டிப்போகிற பாட்டுகள்

பாதி ஆல்பம் இங்கேதான் இருக்கிறது. வேகமாகப் போகலாம்.

வால்டர் மர்ஃபியின் 'எ ஃபிஃப்த் ஆஃப் பீத்தோவன்': ஐந்தாம் சிம்பொனியின் அந்த ட-ட-ட-டாஆ, கீழே தும்-ட்ஸ். 1976இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தலைப்பிலும் குறும்பு உண்டு. அமெரிக்கப் பேச்சில் 'ஃபிஃப்த்' என்றால் கேலனில் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளும் சாராயப் பாட்டில். படத்தின் பின்னணி இசையமைப்பாளர் டேவிட் ஷயர் இதே வித்தையை ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியிடம் செய்தது 'நைட் ஆன் டிஸ்கோ மவுன்டன்'. ஒருமுறை சிரிக்கலாம். அவருடைய 'மன்ஹாட்டன் ஸ்கைலைன்' ஹோட்டல் லிஃப்டில் ஓடுகிற ரகம்.

ரால்ஃப் மெக்டொனால்டின் 'கலிப்ஸோ பிரேக்டவுன்' மட்டும் தாண்டாதீர்கள். பாட்டு வரிகளை மறந்துவிட்டு, கிட்டத்தட்ட எட்டு நிமிடம் தோல் வாத்தியமும் மணியும் கேட்கலாம். தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காபி குடிக்கப் போகாத ஆசாமியா நீங்கள்? அப்படியானால் உங்கள் ஐந்தில் இது வந்துவிடும்.

படி 7: படத்தைப் பார்ப்பது, ஓர் எச்சரிக்கையோடு

பாட்டை நம்பிக் குடும்பத்தோடு உட்காராதீர்கள். இது குதூகலமான ஆட்டப் படம் இல்லை. பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் மரியாதை கிடைக்கிறது. மீதி ஆறு நாளும் வசவு, சண்டை, இனவெறி, பெண்கள் மீது வன்முறை. நியூயார்க் பத்திரிகை ஒன்றில் 1976இல் வந்த கட்டுரைதான் மூலம். அதை எழுதிய நிக் கோன், பெரும்பகுதி கற்பனை என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பார்த்துவிட்டு 'நைட் ஃபீவர்' பாட்டை மறுபடி கேளுங்கள். கண்ணாடி முன்னால் அந்தப் பையன் தலை வாருகிற காட்சி கூடவே வரும், பாட்டு கொஞ்சம் கனத்திருக்கும்.

படி 8: ஐந்தை எழுதுங்கள்

பெயரை மட்டும் எழுதாதீர்கள். எந்த இடத்தில் பிடித்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். "பேஸ் நுழைகிற இடம்", "தந்தி வாத்தியம் எழும்புகிற இடம்" என்று இரண்டு சொல் போதும். எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் அந்தப் பாட்டு உங்களுக்குப் பிடித்ததல்ல, பழகியது.

என் தாளில் இப்போது இருப்பவை: ஜைவ் டாக்கின் (சுரண்டல்), மோர் தேன் எ வுமன் டவாரெஸ் (முதல் வரி), ஹவ் டீப் (பியானோ), கலிப்ஸோ பிரேக்டவுன் (மணி), டிஸ்கோ இன்ஃபெர்னோ (ஏழாவது நிமிடம், முடியப்போகிறது என்று நினைத்து முடியாமல் போகிற இடம்). ஸ்டேயின் அலைவ் இல்லை. வீட்டில் இதற்குத்தான் இன்னும் சண்டை.