கடல்நீர் டேங்க்ல தண்ணி மாத்த எந்த பம்ப் வாங்கணும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

என்கிட்ட இருக்கிறது 4 அடி டேங்க், அகலம் உயரம் ரெண்டுமே ஒன்றரை அடி, கணக்குப்படி 255 லிட்டர், கல்லு மணல் போக தண்ணி மட்டும் ஒரு 210 லிட்டர் நிக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ 40 லிட்டர் மாத்துறேன். முதல்ல பக்கெட்லதான் தூக்கி ஊத்திட்டு இருந்தேன், 40 லிட்டர் உப்புத்தண்ணின்னா 41 கிலோ, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மெதுவா சாய்க்கணும், ஒரு தடவ கை தாங்காம மொத்தமா கொட்டி மணல் கிளம்பி கோரல் மேல போய் உக்காந்துருச்சு, ரெண்டு நாள் அது வாயே திறக்கல.

அதுக்கப்புறம் சென்னையில கலர் மீன் கடைகள் இருக்கிற கொளத்தூர் போய் ஒரு கடையில கேட்டேன், "1500 லிட்டர் ஓடும் சார், உங்களுக்கு இதுவே ஜாஸ்தி"ன்னு ஒரு பம்ப் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து, புது உப்புத்தண்ணி கலக்கி வைக்கிற ட்ரம்ல போட்டு ஓஸ டேங்க் மேல பிடிச்சா, முதல்ல கொஞ்சம் வந்துச்சு, ட்ரம்ல தண்ணி இறங்க இறங்க நூலா போய் அப்படியே நின்னுருச்சு. பம்ப்ல ஒரு குறையும் இல்ல, பாக்க வேண்டிய நம்பர நாங்க ரெண்டு பேருமே பாக்கல.

1. முதல்ல உயரத்த அளங்க

டேப் எடுத்து, ட்ரம்முக்கு அடியில இருந்து டேங்க் மேல் விளிம்ப தாண்டி ஓஸ் வளையுற இடம் வரைக்கும் அளங்க. ட்ரம் நிறைய இருக்கும்போது தண்ணி மட்டத்துல இருந்து அளந்தா ஏமாந்துருவீங்க, ஏன்னா கடைசி 10 லிட்டர ஏத்தும்போது தண்ணி கிட்டத்தட்ட தரையில இருக்கும், பம்ப் முழு உயரத்துக்கும் தள்ளியாகணும். எனக்கு ஸ்டாண்ட் 75 சென்டிமீட்டர், டேங்க் 46, மேல ஓஸ் வளைவோட சேத்து 1.3 மீட்டர்.

2. பாக்ஸ்ல இருக்கிற ரெண்டாவது நம்பர படிங்க

பெருசா அச்சடிச்சிருக்கிற லிட்டர் கணக்கு, உயரமே இல்லாம ஓடும்போது வர்ற அளவு. பக்கத்துலயே சின்னதா "ஹெச் மேக்ஸ்"னு மீட்டர்ல ஒண்ணு இருக்கும், அந்த உயரத்துக்குப் போனா தண்ணி வரத்து பூஜ்யம், ஒரு சொட்டு கூட வராது. நடுவுல தோராயமா ஒரே சீரா குறைஞ்சுட்டே வரும்னு வச்சுக்கோங்க. நான் முதல்ல வாங்கின பம்ப்போட ஹெச் மேக்ஸ் 1.5 மீட்டர், எனக்கு வேண்டியது 1.3, அப்புறம் எப்படி ஏறும்?

நான் இப்போ எல்லாருக்கும் சொல்றது, நீங்க அளந்த உயரத்த மாதிரி ரெண்டு மடங்காவது ஹெச் மேக்ஸ் இருக்கணும். எனக்கு 3 மீட்டர், 2500 லிட்டர் பம்ப். 1.3 மீட்டர்ல பாதிக்கு மேல கொஞ்சம்தான் மிஞ்சும், அதுலயும் ஓஸ் கொஞ்சம் தின்னுரும், மணிக்கு 1200 லிட்டர் வந்தாலும் 40 லிட்டர் ஏற 2 நிமிஷம்தான். அவ்ளோ வேகம் வேண்டாம்னா வெளிய தண்ணி வர்ற பக்கம் ஒரு பிளாஸ்டிக் வால்வு போட்டு குறைச்சுக்கலாம், உறிஞ்சுற பக்கத்த மட்டும் அடைக்காதீங்க, பம்ப் திணறும்.

3. உள்ள இரும்பு இருக்கான்னு பாருங்க

இதுல மட்டும் காசு மிச்சம் பாக்க வேண்டாம்னு கெஞ்சி கேட்டுக்கிறேன். ஏர் கூலருக்குப் போடுற மோட்டார் ரொம்ப சீப்பா கிடைக்கும், நிறைய பேர் அதையே வாங்கி ட்ரம்ல போட்டுர்றாங்க. கடையிலயே முன் மூடிய கழட்டி இம்பெல்லர (உள்ள சுத்தி தண்ணிய தள்ளுற சக்கரம்) வெளிய இழுத்துப் பாருங்க, நடுவுல போற கம்பி வெள்ளையா வழவழன்னு இருந்தா அது செராமிக், தாராளமா வாங்கலாம். பளபளன்னு உலோகமா இருந்தா, திருகு இரும்பா இருந்தா, வச்சுட்டு வந்துருங்க. உப்புத்தண்ணி கொஞ்ச நாள்லயே துரு ஏத்திரும். ஓஸ் மாட்டுற பித்தளை நிப்பிளும் வேண்டவே வேண்டாம், அதுல இருக்கிற செம்பு கரைஞ்சா மீனுக்கு முன்னாடி இறால், நத்தை, கோரல் எல்லாம் போயிரும். (இதே காரணத்துக்காகத்தான் கிச்சன்ல காப்பர் சேக்குற மாதிரி ஆர்ஓ மெஷின் வச்சிருந்தா அந்த தண்ணிய இதுக்கு எடுக்காதீங்கன்னு சொல்றது.)

4. ஓஸ்

பம்ப் வாய் எவ்ளோ அகலமோ அதே உள் அகலம், தேவையான நீளம் மட்டும். சின்ன ஓஸ்ஸ சூடு பண்ணி இழுத்து மாட்டினா நீங்க காசு குடுத்து வாங்கின வேகம் எல்லாம் அதுலயே போயிரும்.

5. வெறும் தண்ணில ஓட்டிப் பாருங்க

உப்பு கலக்குறதுக்கு முன்னாடியே ட்ரம்ல சாதா தண்ணி ஊத்தி, டேங்க் உயரத்துல ஒரு 20 லிட்டர் பக்கெட்ட வச்சு போன்ல டைம் பாருங்க. 90 செகண்ட்ல நிறைஞ்சா மணிக்கு 800 லிட்டர், 2 நிமிஷம் ஆனா 600. ட்ரம் காலியாகப் போற நேரத்துலயும் ஒரு தடவ பாருங்க, அந்த கடைசி வேகம்தான் உங்க பம்ப்போட உண்மையான வேகம்.

6. உப்பு கலக்க அதே பம்ப் போதுமா

போதும், ஆனா சூட்ட கவனிக்கணும். தண்ணிக்குள்ள ஓடுற பம்ப் இழுக்கிற கரண்ட் எல்லாம் கடைசியில சூடா தண்ணிலயே தங்கிரும். மே மாசம் சென்னையில ரூமே 33 டிகிரி இருக்கும்போது 40 வாட்ஸ் பம்ப்ப மூடி போட்ட ட்ரம்ல ராத்திரி முழுக்க ஓட விட்டா காலைல கை வச்சா கதகதன்னு இருக்கும், அத அப்படியே 27 டிகிரி டேங்க்ல ஊத்துனா மீனுக்கு ஆகாது. நான் மூடிய திறந்து வச்சு ஒரு சின்ன 10 வாட்ஸ் பம்ப்ல கலக்குறேன், பெரிய பம்ப் ஏத்த மட்டும்தான். லிட்டருக்கு 35 கிராம்ல இருந்து ஆரம்பிங்க, உப்ப தண்ணில கொஞ்சம் கொஞ்சமா போடணும், உப்பு மேல தண்ணி ஊத்துனா கால்சியம் வெள்ளையா படிஞ்சு வீணாயிரும். அடுத்த நாள் ரீஃபிராக்டோமீட்டர்ல (தண்ணில உப்பு எவ்ளோன்னு காட்டுற கருவி) டேங்க்ல இருக்கிற அதே அளவு, 1.025 வருதான்னு பாத்துட்டுதான் ஏத்தணும்.

7. மாத்துற அன்னைக்கு

ஹீட்டர், ரிட்டர்ன் பம்ப் (ஃபில்டர்ல இருந்து தண்ணிய டேங்க்குக்குத் திருப்பி அனுப்புறது) ரெண்டையும் ஆஃப் பண்ணிருங்க, தண்ணி இறங்குனா ஹீட்டர் வெளிய தெரிஞ்சு வெடிச்சுரும். பழைய தண்ணிய எடுக்க பம்ப்பே வேண்டாம், ஓஸ் போட்டு சைஃபன்ல பாத்ரூமுக்கு விட்டுருங்க. பம்ப் வச்சு எடுத்தா மணல் உள்ள போய் இம்பெல்லர அரைச்சுரும்.

புதுத் தண்ணி ஏத்தும்போது ஓஸ் நுனி டேங்க் தண்ணிக்குள்ள முங்கக் கூடாது, மட்டத்துக்கு மேலயே கிளிப் போட்டு நிறுத்துங்க. முங்கி இருந்தா பம்ப்ப ஆஃப் பண்ண உடனே அதே ஓஸ் வழியா டேங்க் தண்ணி ட்ரம்முக்குத் திரும்பும், எனக்கு அப்படி ஆகி ஹால் முழுக்க உப்புத்தண்ணி நின்னுச்சு, நான் போன் பேசிட்டு இருந்த அஞ்சு நிமிஷத்துல.

கரண்ட் விஷயம்: வீட்டு லைன்ல 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) இருக்கணும், இல்லன்னா முதல்ல எலக்ட்ரீஷியன கூப்பிட்டு அத போடுங்க, பம்ப் அப்புறம். ஒயர் பிளக்குக்குக் கீழ தொங்கி மேல ஏறணும், அப்பதான் ஒயர்ல வழியுற தண்ணி சொட்டி கீழ விழும், பிளக்குக்குள்ள போகாது. பம்ப்ப தொடுறதுன்னா பிளக்க உருவிட்டுதான் தொடணும்.

8. முடிஞ்சதும்

பம்ப்ப நல்ல தண்ணி பக்கெட்ல 5 நிமிஷம் ஓட்டி, கழட்டி காய வைங்க. மாசம் ஒரு தடவ பாதி வினிகர் பாதி தண்ணில ஒரு மணி நேரம் ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சா வெள்ளைப் படிவு வந்துரும். அடுத்த தடவ பிளக் போடுறதுக்கு முன்னாடி இம்பெல்லர விரலால ஒரு சுத்து சுத்திப் பாருங்க, காஞ்ச உப்புல ஒட்டி இருந்தா வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் போட்டு வச்சாலே விட்டுரும்.